அறிவரசன் தாண்டிப்போன பக்கம்

ரெட்டிபாளையம் அறிவரசனுக்கு ஊசி என்றால் ஆகாது. சிமெண்ட் ஆலையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், ஆள் உயர இரும்போடு மல்லுக்கட்டுகிறவன், ஒருமுறை விரலில் மூன்று தையல் போட்டபோது துணைக்குப் போன சக தொழிலாளி வேல்முருகனின் சட்டைப்பையைக் கையோடு பிய்த்து எடுத்துவிட்டான். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம் மருந்துகளின் பெயர் தலைகீழ்ப் பாடம் என்றால் யார் நம்புவார்கள்? எது எதற்கு, எது எதோடு சேராது, கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொல்லுவான். ஆலை கேண்டீனில் யாராவது ரத்த அழுத்த மாத்திரையை எடுத்தால் அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஓலால் வகையறா. நாடி பாத்துட்டுத்தான் குடுத்தாங்களா?" என்று கேட்பான். 'டாக்டர் அறிவு' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்றால் பொய்.

இவ்வளவையும் அவன் தனக்காகப் படிக்கவில்லை. மனைவி வெற்றிச்செல்விக்காகப் படித்தான்.

வெற்றிச்செல்வி பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ். பதினான்கு வருடமாக இதே ஓட்டம். சிறுவாச்சூர் கோயில் திறக்கிற திங்கள், வெள்ளிகளில் வெயிலில் மயங்கினவர்களும் வண்டியில் சறுக்கி விழுந்தவர்களுமாக வந்து சேருகிற கூட்டத்தை அவள் ஒருத்தியே சமாளித்துவிடுவாள். அவளிடம் வேலை பழகிய பெண்கள் ஒவ்வொருத்தியாக மஸ்கட், துபாய் என்று போய்விட்டார்கள். அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டு, "அக்கா, நீங்க கத்துக்குடுத்ததுதான் இங்க சோறு போடுது" என்பார்கள். இவள் சிரித்துக்கொண்டே ஃபோனை வைப்பாள். வைத்த பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்காது.

ஒருநாள் சொன்னாள்: "நமக்கு முடியுமா முடியாதான்னு ஒரு கேள்வி உள்ளுக்குள்ள இருந்துகிட்டே இருக்குங்க. ரெண்டு வருசம் போயிட்டு வந்துர்றேன்."

அறிவரசன் மறுநிமிடமே "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது அது வெகுதூரத்து விஷயமாக இருந்தது, அதனால் சொல்வது சுலபமாகவும் இருந்தது.

மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்று நேர்முகத்தில் அவளைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்த நாட்டில் நர்ஸ் வேலை பார்க்க லைசென்ஸ் வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை. சென்னையில் போய் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். வருடக் கடைசிவரைதான் வேலையை வைத்திருப்போம் என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்குள் மூன்று தடவை எழுதலாம்.

முதல் தடவை தோற்றாள். பதினான்கு வருட அனுபவம் இருந்தும் எப்படித் தோற்றாள் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு யோசித்தபோதுதான் விளங்கியது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் மருந்தைக் கம்பெனி வைத்த பெயரில்தான் கூப்பிடுகிறோம். பரீட்சையில் மருந்தின் சொந்தப் பெயரைக் கேட்கிறார்கள்.

"லாசிக்ஸ் போடுன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவேன். ஃப்யூரோசமைடுன்னு கேட்டா அது யாருன்னே தெரியலங்க" என்றாள். "தெனமும் கூடவே இருக்குற ஆளு. பேரு தெரியல."

பெயர் என்றதும் அறிவரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுடைய தனி வித்தை அதுதான்.

ரெட்டிபாளையத்திலும் சுற்றுப்பட்டிலும் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், காது குத்து என்றாலும், பத்திரிகை அச்சாகும் முன்னால் அறிவரசன் பார்வைக்கு வரவேண்டும். தங்கள் வரவை விரும்பும் என்று போட்டு அறுபது எழுபது உறவினர் பெயர்களை அடுக்குவோமே, அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போனவர் வாசலோடு திரும்பிவிடுவார். பத்து வருடம் பேச்சு இருக்காது. அரியலூரில் அச்சகம் வைத்திருக்கும் குருமூர்த்தி, "அறிவரசன் பாத்தாச்சா?" என்று கேட்காமல் மெஷினை ஓட்டமாட்டார். அறிவரசனுக்கு ஒரு முறை உண்டு. கொடுத்த தாளை முதலில் படிக்கவே மாட்டான். கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணை மூடி, மனசுக்குள் அந்தத் தெருவில் நடப்பான். தண்ணீர் டேங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக நின்று, உள்ளே யார் யார், கட்டிக்கொடுத்த பெண் யார், வெளியூர் போனவன் யார் என்று பெயர் சொல்லிக்கொண்டே போவான். பிறகு தாளைத் திருப்பிச் சரிபார்ப்பான். இதுநாள்வரை அவன் பார்த்த பத்திரிகையில் ஒரு பெயர்கூட விட்டுப்போனதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கி வந்தான். அவள் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, இவன் தமிழ் எழுத்தில் மருந்துப் பெயர்களைப் பத்திரிகை மாதிரியே எழுதினான். ஓலால் என்று முடிகிறவர்கள் எல்லாம் ஒரு வீட்டுப் பங்காளிகள், நாடி பார்க்காமல் இவர்களை உள்ளே விடக்கூடாது. ப்ரில் வகையறாவும் சார்ட்டான் வகையறாவும் ஒரே தொழில்காரர்கள், ஒரு வீட்டில் இருவரையும் சேர்த்து வைக்காதே. மெட்ரோனிடசோல் நல்ல பெண், ஆனால் குடிக்கிற வீட்டுக்குக் கொடுக்காதே. வார்ஃபரின் ஊரோடு சண்டைக்காரர், ஆஸ்பிரினைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தால் ரத்தம் பார்க்காமல் போகமாட்டார். வெற்றிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததெல்லாம் மறக்காமல் நின்றது.

கடைசிப் பக்கத்துக்கு அவன் வைத்த தலைப்பு: 'இரண்டு பேராகப் போய் அழைக்க வேண்டியவர்கள்.' சில வீடுகளுக்குப் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பினால் போதாது, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து தட்டோடு போய் நின்றால்தான் மரியாதை. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற மருந்துகளும் அந்த ரகம். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் இவற்றை ஒரு நர்ஸ் எடுத்தால் இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று சரிபார்க்க வேண்டும். அந்தத் தலைப்பைப் படித்ததும் வெற்றிச்செல்வி, "நீங்க நர்சிங் படிச்சிருக்கணும்" என்றாள்.

தினமும் சாயங்காலம் அவள் அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருப்பாள், இவன் அடுப்படி வாசலில் நோட்டோடு உட்கார்ந்து கேள்வி கேட்பான். எட்டாவது படிக்கும் மகள் முத்தமிழ், "அம்மாவுக்கு வூட்டுப்பாடம், அப்பா டீச்சரு" என்று கேலி பண்ணிவிட்டுப் போவாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் இருந்ததாக அறிவரசனுக்கு நினைவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு பெண்டாட்டியோடு தினமும் ஒரு மணி நேரம் பேசக் கிடைத்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்தான். கேஸ் பதிவு பண்ணுகிற நம்பர். ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில். முத்தமிழுக்கு எந்தக் கிழமை எந்த யூனிஃபார்ம். அவளுக்குச் சளி பிடித்தால் என்ன கொடுப்பது. பருப்புக்கு எத்தனை விசில். அவனுக்காகத்தான் எழுதி, ஆணியில் மாட்டிவைத்திருந்தாள்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். வெகுதூரத்தில் இருந்த விஷயம் வீட்டுக்குள் வந்து நின்றது. அன்று சாயங்காலம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் நோட்டை மூடினான்.

"அவ்ளோதானா?" என்றாள் அவள், குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவ்ளோதான்."

மறுநாளும் அப்படியே மூடினான். அதற்கடுத்த நாளும். மறந்துபோய்விட்டது என்று தன்னிடமே சொல்லிப் பார்த்தான். எழுபது பெயரில் ஒன்று விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற ஆளுக்கு ஒரு பக்கமே மறக்குமா? அவன் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவள் தோற்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை, அவ்வளவுதான். பரீட்சைவரை நாற்பது நாளும் கை வரவில்லை.

இரண்டாவது தடவையும் தோற்றாள். ஏழு மார்க் குறைவு.

"ஹெப்பாரின் கூடிப்போனா எதக் குடுத்து முறிக்கணும்னு கேட்டுருந்தான். இன்சுலின்ல மூணு கேள்வி. எல்லாத்தயும் குழப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவனைக் குறை சொல்லவில்லை. முத்தமிழுக்குத் தலை பின்னிவிட்டு, மறுநாள் ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு வழக்கம்போலக் கிளம்பிப் போனாள்.

அறிவரசனுக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "வேற ஆளப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினான். வந்தவர் திகைத்துப்போனார். ஊரில் ஒருத்தர் பெயரையும் விடாதவன் சொந்தப் பெண்டாட்டிக்குத் துரோகம் பண்ணியிருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வார்த்தைதான் அவன் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அறிவரசன் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினான்.

"எங்க வர்றீங்க?"

"ஒங்க ஆஸ்பத்திரிக்கு. நோட்டு பத்தாது செல்வி. தெருவுல நடந்து பாத்தாத்தான் யாரு வுட்டுப்போனாங்கன்னு தெரியும்."

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் சிந்தாமணி முதலில் முடியாது என்றார். வெளியாளை வார்டுக்குள் விட முடியாது, அது சரிதான். கடைசியில் கீழ்த்தளத்து மருந்துக்கடையில், கூட்டம் சேரும் முன் காலை இரண்டு மணி நேரம் ஓரமாக நின்று பார்க்கட்டும், எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று விட்டார். கடையைப் பார்த்துக்கொள்ளும் வைரக்கண்ணு, "வாங்க சார், எங்க வேணும்னாலும் நில்லுங்க, ஆனா எடுத்தத எடுத்த எடத்துல வைங்க" என்றார்.

அறிவரசன் நேராகக் குளிர்பெட்டிக்குப் போனான். இன்சுலின் அங்கேதான் இருந்தது. அவன் தாண்டிப்போன பக்கத்து ஆட்களிடமிருந்து ஆரம்பித்தான். பிறகு ரேக் ரேக்காக வந்தான். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பினான். கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் பளிச்சென்று இருக்கும். மருந்தின் சொந்தப் பெயர் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். அவன் அந்தப் பொடி எழுத்தைப் படித்து, நோட்டில் ரேக், தட்டு, இடம் என்று வரிசையாக எழுதினான். இரண்டாம் நாள் உள்ளே வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், கையில் நோட்டோடு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆளைக் கண்டு சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து, விறைத்து நின்று வணக்கம் வைத்தார். வைரக்கண்ணு அடக்கமாட்டாமல் சிரித்து, விக்கல் எடுத்துத் தண்ணீர் குடிக்கவேண்டியதாயிற்று.

நான்காம் நாள் காலை ஒன்று நடந்தது. கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தியும் பேதியுமாகக் கண் உள்ளே போயிருந்தது. மருந்துக்கடைக்கு எதிரிலேயே அவசரப் பிரிவு, கதவு திறந்து கிடந்தது. இரண்டு பேர் நரம்பு தேடிக் கிடைக்காமல் கையைப் பிசைந்தார்கள். மேலேயிருந்து வெற்றிச்செல்வி இறங்கி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். குழந்தையின் காலைத் தன் உள்ளங்கையில் வைத்து, தாயிடம் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தாள். அறிவரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் காதால் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் குரல், "ம், ஏறிடுச்சு" என்றது. அழுதுகொண்டிருந்த தாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினைந்து வருடம் ஒரு வீட்டில் இருந்தும் அவளை வேலையில் அன்றுதான் பார்த்தான். இவ்வளவு கைதேர்ந்தவளை ஒரு பக்கத்தை மறைத்து வீட்டோடு நிறுத்தப் பார்த்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவள் என் பெண்டாட்டி என்று அங்கே நின்றவர்களிடம் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் மென்று விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனான்.

அதற்கப்புறம் சாயங்காலக் கேள்வி வேறு மாதிரி ஆனது.

"கண்ண மூடு. கடைக்குள்ள வந்துட்டோம். சோத்துக்கைப் பக்கம், ரெண்டாவது ரேக்கு, மேல் தட்டு. யாரு இருக்கா?"

"லாசிக்ஸ். சொந்தப் பேரு ஃப்யூரோசமைடு. பொட்டாசியத்த எறக்கிடும், பாத்துக்கணும்."

"குளிர்பெட்டியத் தொற. யாரு?"

"இன்சுலின். ரெண்டு பேராத்தான் போவணும். சர்க்கரை பாத்துட்டு, அளவ இன்னொரு ஆளுகிட்ட காட்டிட்டு."

தினமும் குளிர்பெட்டியில்தான் ஆரம்பித்தான். ஒரு நாளும் தவறவிடவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைக்குப் போனார்கள். பரீட்சை நடக்கிற கட்டிடத்துக்குள் அவளை மட்டும் விட்டார்கள். தாலிச் சரடு தவிர மற்றதையெல்லாம் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய வாட்சையும் தோட்டையும் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த ஜூஸ் கடை நிழலில் நின்றான். மூன்று மணி நேரத்தில் இரண்டு டீ குடித்தான். மூன்றாவதை வாங்கிக் கையிலேயே ஆறவிட்டான். வெற்றிச்செல்வி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாலையைக் கடந்து, அவன் பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டினாள்.

"தோட்டக் குடுங்க" என்றாள். ஒரு காதில் மாட்டிக்கொண்டு, மறுகாதுக்கு மாட்டும்போது சொன்னாள்: "பாஸுங்க. ஸ்கிரீன்லயே காட்டிட்டான்."

அவன் "சாப்புட்டியா?" என்று கேட்டான். உள்ளே யார் சாப்பாடு போட்டார்கள், பாவம்.

கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறினார்கள். பெரம்பலூரில் இறங்கிக்கொள்ளலாம். செங்கல்பட்டு தாண்டும்வரை முத்தமிழோடு ஃபோனில் பேச்சு, பிறகு சிந்தாமணி சிஸ்டர், பிறகு வைரக்கண்ணு. எல்லோரும் ஓய்ந்த பிறகு அவள் அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். விழுப்புரம்வரை அறிவரசன் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"செல்வி. ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ரெண்டாந் தடவைக்கு நோட்டுல கடைசிப் பக்கத்த கேக்கவே இல்லல்ல. மறந்து வுடல. தெரிஞ்சேதான் வுட்டேன். நீ போயிடுவியேன்னு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தான்.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. நான் வாசிச்சி வாசிச்சித்தான நீங்க எழுதுனீங்க. எத்தன பக்கம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெளியே மக்காச்சோளக் கொல்லைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கத்தக் கேட்டீங்கன்னா நான் பதில் சொல்லிடுவேன். சொல்லிட்டா பாஸு. பாஸுன்னா போவணும். புள்ளய வுட்டுட்டு, ஒங்கள வுட்டுட்டு. எனக்கு மட்டும் பயமில்லியா? நீங்க மூடுனப்ப நானும் தொறக்கச் சொல்லல. தப்பு பாதி என்னுதுதாங்க."

அறிவரசன் அவளையே பார்த்தான். இத்தனை நாள் தான் மட்டும் சுமப்பதாக நினைத்ததை அவளும் அதே வீட்டில், அதே அடுப்புக்கு முன்னால் சுமந்திருக்கிறாள்.

"அப்ப இந்தத் தடவ எப்படி?"

"நீங்கதான் லீவப் போட்டு வந்து ரேக்கு ரேக்கா நின்னீங்களே. போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க? அன்னிக்குப் போச்சு பயம்."

அறிவரசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரயோஜனமில்லை, தோள் குலுங்குவது நன்றாகத் தெரிந்தது. சில்லறை கொடுப்பதற்காக வந்த கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன சார், ஏதும் துக்கமா?" என்றார்.

அறிவரசன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"இல்லீங்க" என்றான். "எங்க வூட்டுல பாஸ் பண்ணிட்டாங்க."